எப்போதாவது வரும் சிவப்பு

சாஃப்ட்வேர் டெஸ்டிங் தொழிலில் மாட்டிக்கொண்ட சகாக்களே, எப்போதும் தோற்கும் டெஸ்டால் நமக்குத் தொந்தரவில்லை. நினைத்தபோது தோற்று நினைத்தபோது ஜெயிக்கிறதே, அதுதான் பிராணனை வாங்கும்.

இன்னொரு தடவை

இரண்டாயிரங்களின் பிற்பாதி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு சாஃப்ட்வேர் செய்தோம். யார் புரோகிராம் கோடில் கைவைத்தாலும் ஒரு கம்ப்யூட்டர் தானாகவே எல்லா டெஸ்டையும் ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு காட்டும். சிவப்பு வந்தால் காரணம் தேடுவோம் என்றா நினைக்கிறீர்கள்? பச்சை வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவோம்.

எதையும் மாற்றாமலே சிவப்பு எப்படிப் பச்சையாகிறது என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். பக்கத்து நாற்காலி முருகேசண்ணன், என்னைப் போலவே கொச்சியில் பிறந்த தமிழர், திரும்பாமலே சொன்னார்: "அது சும்மா பிணங்கும், சுமதி. ஒரு சாயா குடிச்சிட்டு வா, சரியாயிருக்கும்."

கூண்டு

எனக்குப் பொறுக்கவில்லை. கோடில் ஓர் எழுத்துகூட மாற்றாமல் டெஸ்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, மாற்றி மாற்றிப் பேசுகிறவற்றைத் தனியே பிடித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று செய்தேன். அதற்குக் கூண்டு என்று பெயர். சிக்கியவற்றில் பாதி அப்பாவிகள்: ஒன்றுக்கு நெட் மெதுவானால் ஆகாது, இன்னொன்றுக்கு மாதக் கடைசி ஆகாது. காரணம் தெரியும்வரை கூண்டில் இருப்பவை தோற்றாலும் சிவப்பு வராது. ஆகவே நாள் முழுக்கப் பச்சை; மேனேஜர் வர்கீஸ் சார் முகத்தில் கல்யாணக் களை.

ஆனால் கூண்டில் ஒன்று என்னை உறுத்தியது: லேபின் இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் இரண்டு பேரைப் பதிவு செய்யும் டெஸ்ட். சாரிடம் சொன்னேன். "ஒரே செகண்டில் ரெண்டு பேரோ? அதெல்லாம் நடக்காது மோளே, வெள்ளிக்கிழமை நமக்குப் புது வெர்ஷன் ரிலீஸ் உண்டு."

ஒரே ஆட்டோ

உட்கார்ந்து யோசிப்பதைவிட நேரில் பார்ப்பது மேல். மறுநாள் காலை, அந்த ரிலீஸுக்காகக் காத்திருந்த சுள்ளிக்கல் லேபுக்குப் போனேன். வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்த கூட்டம் இரண்டு கவுண்டரிலும் நெருக்கியடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிவாவது அபூர்வம்தானே என்று லேப் நடத்தும் ஸைனபா இத்தாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். "இவிட யாரு மோளே தனியா வரா? உம்மா, மருமோள், நாத்தூன் எல்லாம் ஒரே ஆட்டோல வந்து எறங்கும்."

அந்த ஒருத்தர்

திரும்பி வந்து முருகேசண்ணனும் நானும் அந்த டெஸ்டைக் குடைந்தோம். ஒரே நொடியில் பதிவானால் சிலசமயம் இருவருக்கும் ஒரே பதிவு எண் விழுந்தது. ஒருவருடைய சுகர் அளவு மற்றவர் பெயரில் அச்சானது. மாமியாரின் சுகருக்கு மருமகள் மருந்து சாப்பிடுவாள். மாமியாரோ நோயே இல்லையென்று நிம்மதியாகப் பாயசம் குடிப்பார்.

வர்கீஸ் சார் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறினால் லேப் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. எப்போதாவது ஒருத்தருக்குத்தானே, அடுத்த வெர்ஷனில் திருத்தலாம் என்றார். அவரிடம் எதிர்த்துப் பேசியே அறியாத முருகேசண்ணன் எழுந்து நின்றார். "அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லுங்க சார். அவங்க வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன், அப்புறம் அனுப்பலாம்."

வெள்ளிக்கிழமை லேபுக்கு எதுவும் அனுப்பவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நம் தொழிலில் நல்ல வேலை என்பது இவ்வளவுதான், அதனால்தான் அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.