அவன் பார்த்துச் சொன்ன வண்டி

எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறவன் இல்லை நான். திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவன் அப்படி இருந்தால் பிழைக்க முடியாது. துணி வந்தால் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். தைத்த சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலை இழுத்துப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரின் காலரில் ஊசி ஓட்டை தெரிந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. சந்தேகப் பிராணி என்று என் மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொல்கிறாள். அந்தச் சந்தேகத்திலிருந்து ஒரே ஒரு ஆளுக்குத்தான் விலக்குக் கொடுத்திருந்தேன்.

அவன் மண்ணரையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். அடிபட்ட வண்டிகளை நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கிற தொழில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். என் முதல் டெலிவரி வேன் சாக்கடையில் இறங்கியபோது கயிறு கட்டி இழுத்தவன் அவன்தான். அன்று ஆரம்பித்த பழக்கம். என் மகள் கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வண்டி ஓட்டியது அவன். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. குன்னத்தூரில் இருக்கும் என் சொந்த பந்தங்களுக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். வண்டி என்று எது வாங்கினாலும் அவன் பார்த்துச் சொன்னால் போதும். மறுபடி நான் பார்ப்பதில்லை.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன். ஐம்பது தாண்டிய ஆள் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்பட்டால் ஊர் சிரிக்கும். சிரித்தார்கள். ஆனால் என் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. நான் கம்பெனி ஆரம்பித்த புதிதில் தொடர்ந்து பல வருஷம் ஒரே சட்டையைத்தான் தைத்தோம். வெளிநாட்டுப் பையன்கள் போடும் அரைக்கை பனியன், நெஞ்சில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு கார். அந்தக் கார் எங்களுக்குச் சோறு போட்டது. முன்விளக்கில் மை பரவியிருக்கிறதா, சக்கரத்தில் பிரிண்ட் விட்டிருக்கிறதா என்று நாள் முழுக்க அதையே பார்த்துக் கிடந்தவன் நான். ஒரு நாள் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா?

புது வண்டி விலைக்கு என் கம்பெனியையே விற்க வேண்டும். பழையது ஒன்று கோயம்புத்தூரில் வந்திருப்பதாகப் போனில் விளம்பரம் வந்தது. நாடு முழுக்கக் கிளைகள் வைத்து, பழைய கார்களை வாங்கி விற்கும் பெரிய நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம். சட்டையில் இருந்த அதே கார், கறுப்பு நிறம். அன்று இரவே மனைவியிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரு உக்கார்ற வண்டிங்களா? அப்ப உங்களையும் உங்க பிரண்டையும் ஏத்தீட்டு போங்க. நான் பஸ்ல வர்றனுங்க" என்றாள்.

ஒரு புதன்கிழமை காலையில் நான், மனைவி, அவன் மூன்று பேரும் என் பழைய காரில் கிளம்பினோம். வழியில் அவன் அதிகம் பேசவில்லை. பட்டறையில் வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். வாசலில் ஒரு பெண் பன்னீர் தெளித்தாள். ஒவ்வொரு வண்டியும் நூற்றுக்கணக்கான இடங்களில் சோதிக்கப்பட்டது என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. எங்களைக் கவனித்துக்கொண்ட விற்பனையாளர் கோபிப் பக்கத்துக்காரர். நான் வாயைத் திறந்ததுமே, "ஏனுங்க சார், நீங்க குன்னத்தூருங்களா?" என்று கேட்டார். பேச்சைப் பிடித்துக்கொண்டால் ஆளைப் பிடித்த மாதிரிதான். இளநீர் வந்தது. எனக்கு அந்த இடமே பிடித்துப்போயிற்று.

கார் ஒரு மேடையில் நின்றது. துணி விலக்கியதும், சட்டையில் பார்த்துக் கிடந்த அந்த முன்விளக்கைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். பிறகு வழக்கமான சந்தேகம் எட்டிப் பார்க்க, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்: "எங்க தொழில்ல கறை விழுந்த துணியெல்லாம் கடைசியில கறுப்புச் சாயத்துலதான் முங்கும். இது எப்படீங்க?"

விற்பனையாளர் சிரித்தார். என் மனைவி சிரித்தாள். அவன் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் காரைச் சுற்றி வந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான், மூடினான். கதவுகளைத் திறந்து சாத்தினான். "வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான். அவன் வார்த்தைக்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம். ஆனாலும் அவ்வளவு பணம் கொடுக்கிறோமே என்று, வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் காட்டச் சொன்னேன். லிஃப்டில் வேறு வண்டி நிற்கிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார் விற்பனையாளர். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

அப்போது அவன்தான் சொன்னான். "பன்னெண்டு மணிக்கு ராகு காலம் வந்துரும் அண்ணாச்சி. நல்ல நேரத்துல சாவிய வாங்குங்க. அதான் நான் பாத்துட்டேன்லா."

இதைக் கேட்டு நகரத்து ஆட்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் புது மிஷினுக்கு முதல் தையல் ஓட்டுவதற்குக்கூட நேரம் பார்ப்போம். ராகு காலத்தில் வண்டி எடுத்தான் என்றால், நாளைக்கு டயர் பஞ்சரானால்கூட அதைத்தான் சொல்வார்கள். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். நான் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மனைவி இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவன் அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலில் குனிந்து, "எம்பதுக்கு மேல போவாதீங்க அண்ணாச்சி" என்றான். ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு எண்பதில் போவதா என்று கேலி செய்தேன். என் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை என்று மனதுக்குள் பெருமையாகவும் இருந்தது. என் பழைய காரை அவன் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தான்.

கொஞ்ச நாள் நான் ராஜா. வேலம்பாளையத்து வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் வண்டி ஏறி இறங்கியது. டீக்கடையில் நின்றால், எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். பைபாஸில் மட்டும் ஒரு சின்னக் குறை. வேகம் கூடினால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. எனக்குத்தான் இந்த வண்டி பழக்கமில்லை என்று நினைத்தேன்.

பிறகு மழை வந்தது. அவிநாசியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மனைவி சொன்னாள்: "ஏனுங்க, என்ர காலெல்லாம் ஈரமா இருக்குதுங்க." நிறுத்திப் பார்த்தேன். அவள் பக்கத்துத் தரை விரிப்பு நனைந்து ஊறிப்போயிருந்தது. என் பக்கம் காய்ந்திருந்தது.

அவனுக்குப் போன் செய்தேன். வேலை இருக்கிறது, ஷோரூமிலேயே காட்டுங்கள் என்றான். இத்தனை வருஷத்தில் நான் கூப்பிட்டு அவன் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அதையும் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஷோரூமுக்குப் போனேன். இப்போது லிஃப்ட் காலியாகத்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தார்கள், இறக்கினார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். தண்ணீர் இறங்குவது வாரண்டியில் வராதாம். நான் கத்தினேன். கத்தினால் காது கொடுக்க அங்கே ஆள் இல்லை. மேலதிகாரி பெங்களூரில் இருக்கிறாராம், மெயில் அனுப்ப வேண்டுமாம். எங்கள் கோபிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க கூட்டீட்டு வந்தவரே பாத்துட்டு ஓகேன்னு சொன்னாருங்களே சார்." அந்தப் பேச்சு எனக்குச் சுள்ளென்று ஏறியது. சரி, அவனையே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வந்து இவர்களை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன் என்று வண்டியை நேரே மண்ணரைக்கு விட்டேன்.

பட்டறை வாசலில் நிறுத்தினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஷோரூம்காரர்களைத் திட்டிக்கொண்டே, "தண்ணி இறங்குதப்பா, எங்கிருந்துன்னு பாரு" என்று மட்டும் சொன்னேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. வரும் வழியில் வெயில் அடித்து விரிப்பும் காய்ந்திருந்தது.

அவன் இடப்பக்கக் கதவைத் திறந்தான். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, பார்க்காமலேயே ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். "அடைச்ச பேஸ்ட் விட்டுப்போச்சு" என்று தனக்குத்தானே சொன்னான்.

முப்பது வருஷமாகத் துணியில் ஓட்டை தேடுகிறவன் நான். தேடுகிற கை எப்படிப் போகும், ஏற்கெனவே தெரிந்த கை எப்படிப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவன் கை தேடவில்லை.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

பட்டறைக்குப் பின்னால் அவன் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தான். இரண்டு வருஷமாக அங்கே தார்ப்பாய் போர்த்திய வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. யாருடையது என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "பார்ட்டி வண்டி அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. திருப்பூரில் எல்லாமே ஜாப் ஒர்க்தான். நூல் ஒருவருடையது, சாயம் போடுவது ஒருவர், தைப்பது ஒருவர். ஒரு பார்ட்டியின் சரக்கைப் பற்றி இன்னொருவரிடம் வாய் திறந்தால் அடுத்த ஆர்டர் வராது. அந்தக் கொட்டகையைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தேன்.

"இது இங்கதான் வந்துச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"என்ன அடி?"

"முன்னால இடது பக்கம். லாரிக்குள்ள போயிருந்தது. அடியில சேஸ் சட்டத்த நிமித்தி வெல்டு வச்சோம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாசம் பூரா அந்த ஷோரூம்காரங்க வேலைதான் ஓடுது. அவங்கள விட்டா பட்டறைய மூட வேண்டியதுதான். பார்ட்டி சரக்கப் பத்தி வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்களே எத்தன தடவ சொல்லிருக்கிய?"

"அப்ப நான் யாரு உனக்கு? இன்னொரு பார்ட்டியா?"

ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை ஒரு பையன் அணைத்தான். பட்டறையே எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத வாங்காதீங்கன்னு சொல்ல முடியல" என்றான் பிறகு. "நீங்க வாங்கலன்னா வேற யாராச்சும் வாங்கிருப்பான். நீங்கன்னா என் கண்ணு முன்னாலயே ஓடும், ஒண்ணு ஆச்சுன்னா நான் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். எம்பதுக்கு மேல போவாதீங்கன்னு சொல்லத்தான செஞ்சேன்."

அவனை அடித்திருக்கலாம். கை வரவில்லை. அந்தக் கம்பெனி என்னை ஏமாற்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பன்னீர் தெளிக்கிறவளும் இளநீர் கொடுக்கிறவனும் விற்கத்தான் வந்திருக்கிறார்கள். இவன் என்ன விற்க வந்தான்? நான் கேட்காமலேயே கொடுத்து வைத்திருந்த நம்பிக்கையை எடுத்து, அவர்கள் கையில் கொடுத்துவிட்டான். ராகு காலத்தைச் சொல்லி என்னை அவசரப்படுத்தும் அளவுக்கு என்னை அறிந்து வைத்திருந்தான்.

"நானே சரி பண்ணித் தாரேன் அண்ணாச்சி. ஒரு ரூவா வேண்டாம்" என்றான். நான் சாவியைக் கையில் எடுத்தேன். அவன் வழிவிட்டு நின்றான்.

அந்தக் காரை வீட்டுக்கு நாற்பதில் ஓட்டி வந்தேன். பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், ஒட்டுப்போட்ட இரும்பு இருக்கிறது என்பதை நினைக்காமல் ஒரு கியர்கூட மாற்ற முடியவில்லை. மறுநாளே விற்கச் சொல்லிவிட்டேன். அடிபட்டதையும் வெல்டு வைத்ததையும் சொல்லித்தான் விற்றேன். வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. போனது போகட்டும்.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்றே வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஷோரூமைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. நான் சொல்லி முடித்தேன். அடுத்த காயை எடுத்தபடி அவள் கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு நான் ஏறி உக்காந்தப்பவும் அவருக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி, தலப்பு மாட்டிக்கும்னு என்ர சேலைய எடுத்து உள்ள விட்டாருங்க" என்றாள்.