சொல்லாமல் வைத்த போன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்சூரன்ஸ் கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் தெருவே சிரித்தது. "திட்டு வாங்கறவங்களுக்குத்தான அந்த வேல? இந்த அம்மணி திருப்பித் திட்டிப்போடுமே" என்று எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் நின்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மாவா இருந்தேன்? அது வேறு கதை.

நான் வேலைக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. காரணம் ஒரு லேத்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தகரக் கூரை போட்ட பட்டறை. அதில் இரும்பு கடையும் லேத் ஒன்றே ஒன்று. பம்புக் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் என் வீட்டுக்காரரின் தொழில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மெஷினைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். எனக்கு ஒரு முழம் பூ வாங்க மறப்பார், அதற்கு எண்ணெய் வாங்க மறக்கமாட்டார். "பேசாம அவளையே கட்டியிருக்கலாமல்ல மாமா?" என்பேன். "அவ சண்டைக்கு வரமாட்டாளே அம்மணி. ஊடுன்னா ஒரு சத்தம் வேணுமல்ல" என்பார். ஒரு நாள் முழுக்க அவர் பேசுவதைச் சேர்த்தாலும் அவ்வளவுதான் வரும்.

போன வருஷம் அந்தச் சக்களத்தி அவர் கையை உடைத்துவிட்டாள். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் கனமான தலை ஒன்று லேத்தில் உண்டு. அதைக் கழற்றி இறக்கும்போது நழுவி வலது கைமேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். நன்றாக ஆறும்வரை மெஷின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வைத்து ஓட்டிப் பார்த்தோம், வந்த ஆள் எவரும் நிலைக்கவில்லை. மகள் ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீடும் ஓடவேண்டும். அந்தச் சமயம் பார்த்து, போத்தனூரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், லேத்தை விலைக்குக் கொடுப்பதானால் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். "பாக்கலாமுங்க" என்றார் இவர். அன்றைக்குப் பிறகு தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு கரித்துக் கொட்டினாலும், அவள் போய்விட்டால் இந்த மனுசன் பாதி ஆளாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு சம்பளம் வந்தால் கை ஆறும்வரை நாளைத் தள்ளிவிடலாம், லேத்தும் இருந்த இடத்தில் இருக்கும். சக்களத்தியைக் காப்பாற்ற வேலை தேடிப் போனவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியது மகள்தான். தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும், வயது தடையில்லை என்று போட்டிருந்தது. போனிலேயே ஒருதரம் பேசவைத்துப் பார்த்தார்கள். பிறகு நேரில் வரச் சொன்னார்கள். அங்கே யாராவது வாடிக்கையாளர் மாதிரி நடித்துப் போன் பேசுவார்கள், நாம் பதில் சொல்லவேண்டும் என்று மகள் விவரம் சொன்னாள்.

அதற்கு வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் சமையலறையில், இவர் கட்டிலில். இடது கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கும் மனுசன், வாடிக்கையாளர் ஆனதும் பிடித்தாரே ஒரு பிடி!

"ஏனுங்க, என்ன கம்பெனிங்க நடத்தறீங்க? நேத்து ரசத்துல உப்பே இல்லீங்க. அதுக்கு கிளெய்ம் உண்டுங்களா, இல்லீங்களா?"

"உங்க சிரமத்துக்கு வருந்தறமுங்க. ரசம் பாலிசியில வராதுங்க."

"அப்ப மேனேஜரக் குடுங்க."

"நாந்தானுங்க மேனேஜரு. வேணும்னா மோர் ஊத்திச் சாப்புடுங்க."

இத்தனை வருஷம் மனதுக்குள் வைத்திருந்ததையெல்லாம் அந்த ஒத்திகையில் கொட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். துவையலில் கல், பொங்கலில் மிளகு, எல்லாம் புகாராக வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு "புரியுதுங்க, புரியுதுங்க" என்று சொல்லப் பழகினேன். அந்தச் சில நாட்கள் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கை உடைந்த பிறகு அதுதான் முதல் தடவை.

நேர்முகத்துக்கு நான் ஸ்கூட்டி ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவினாசி சாலையில் கண்ணாடி போட்ட பெரிய கட்டடம். எதிரே ஒரு பேக்கரி. "நான் இங்கயே இருக்கறங்கண்ணு. கோவப்படாம பேசு" என்று சொல்லிவிட்டு, ஒரு டீயோடு அங்கே உட்கார்ந்தார்.

உள்ளே ஹெச்.ஆர். பெண் ஒருத்தி. என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். சுவரில் இருந்த திரையில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா மேடம்?" என்று கேட்டார் அவர்.

"இருக்குங்க. லேத் பட்டறைக்கு வர்ற போனெல்லாம் நாந்தானுங்க எடுப்பேன்."

"எந்தக் கம்பெனி?"

"எங்க ஊட்டுப் பட்டறைங்க. ஷாஃப்ட் இன்னும் வரலீன்னு காலங்காத்தால கத்துவாங்க. அவங்களச் சமாதானம் பண்ணி, போய் ஒரு டீ குடிங்கன்னு சொல்லித்தான் போனை வெப்பேன்."

அந்தப் பெண் சிரித்தாள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு போன் பரீட்சை. என் முன்னால் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். எந்த அழைப்பாக இருந்தாலும் கடைசியில் அதிலிருப்பதைச் சொல்லித்தான் முடிக்கவேண்டும்: வேறு ஏதாவது உதவி வேண்டுமா, அழைத்ததற்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும். அந்தப் பெண் பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

முதலில் கோபக்கார வாடிக்கையாளராக வந்தாள். பணம் வரவில்லை, ஏமாற்றுக்காரர்கள், கோர்ட்டுக்குப் போவேன் என்று பொரிந்தாள். ரசத்துப் புகாரைச் சமாளித்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அவளைச் சமாதானப்படுத்தி, தாளில் இருந்ததையும் சொல்லி, அழகாக முடித்தேன். திரையில் இருந்தவர் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்து அவள் குரலை மெலிதாக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரர் போன வாரம் தவறிட்டாருங்க. அவர் பேர்ல பாலிசி இருக்கு. என்ன பண்ணணும்னு தெரியலைங்க."

நடிப்புதான். எனக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் பட்டறைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இரும்புத் தலை விழுந்த அன்று, கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால்? இப்படிப் போன் செய்துகொண்டிருப்பவள் நானாக இருந்திருப்பேன். இவர் எதிரே பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவேண்டியிருந்தது.

"அடக் கடவுளே, என்னாச்சுங்க?" என்றேன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள், அவள் ஏதாவது வாயில் போட்டாளா என்று விசாரித்தேன். பாலிசி நம்பரை வாங்கினேன். இறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம் எல்லாம் என்னென்ன வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன். "நீங்க அலையாதீங்க. அண்ணன் தம்பி ஆராச்சும் கொண்டுவந்தாப் போதுமுங்க. அவசரமில்லீங்க" என்றேன். அவளும் அழுகிற குரலில் "செரீங்க" என்றாள்.

முடிக்கவேண்டிய நேரம். தாள் கண் முன்னாலேயே இருக்கிறது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும். எனக்கு நாக்கு எழவில்லை. அதைச் சொல்லாமலே, அலுங்காமல் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் எழவு வீட்டுக்குப் போனால் திரும்பும்போது சொல்லிக்கொள்ளமாட்டோம். 'போயிட்டு வாரேன்' என்றால் இன்னொருதரம் இதே மாதிரி வரவேண்டும் என்று ஆகிவிடுமே. அதனால் எழுந்து பேசாமல் நடந்துவிடுவோம். மற்ற வீடுகளில் நேர் எதிர். சொல்லாமல் வாசலைத் தாண்டினால், நல்லா இருக்கும் வீட்டை எழவு வீடாக்கிவிட்டுப் போகிறான் என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

"குளோசிங் எங்கே மேடம்?" என்றார் திரையில் இருந்தவர்.

"எழவு விழுந்த ஊட்ல சொல்லிட்டுக் கெளம்பற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. புருசனப் பறிகுடுத்தவகிட்ட நல்ல நாளா இருக்கட்டும்னு எந்த வாயால சொல்றதுங்க?"

"புரியுது மேடம். ஆனா இது பிராசஸ். நீங்க சொல்லாம வச்சா, லைன் கட் ஆயிடுச்சுன்னு நினைச்சு அவங்க மறுபடி கூப்பிட்டு, மறுபடி முதல்லேர்ந்து அழுதுகிட்டே சொல்லணும். அது பரவாயில்லையா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் கோபம் வந்த பிறகு எனக்கு நியாயம் எங்கே கண்ணில் படும்? "அதுக்கு வேற நல்ல வார்த்தை எழுதி ஒட்டுங்க. இது கல்யாண ஊட்ல தாம்பூலப் பைய நீட்டற மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிப்போட்டேன். "சரி மேடம், சொல்லி அனுப்பறோம்" என்றார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று லிஃப்ட் வரைக்கும் வந்துவிட்டேன். லிஃப்ட் திறந்தது. அப்போதுதான் உறைத்தது, அங்கே யாரும் சாகவில்லையே. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மரியாதை ஒரு பக்கம் இருக்கிறதல்லவா? திரும்பிப் போய்க் கதவைத் திறந்து, "அப்ப நான் போயிட்டு வாரனுங்க" என்றேன். அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்த அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

பேக்கரியில் இவர் எனக்காக ஒரு தேங்காய் பன்னை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அதை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்துவிட்டேன் என்று அழுதேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தம்மாகிட்ட எப்படி அதைச் சொல்றது? நீ செஞ்சது செரிதான்" என்றார் இவர்.

"எந்தம்மா? அது ஹெச்.ஆர். புள்ள மாமா!"

"இருக்கட்டுமே. போன்ல அழுதுச்சல்ல?"

அந்த மனுசனை அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பிடித்தது என்று எழுத வரவில்லை. வீடு வந்ததும் அவரே போத்தனூருக்குப் போன் போட்டு, லேத்தை வந்து பார்க்கச் சொன்னார்.

அடுத்த வாரம் போத்தனூர்க்காரர் டெம்போவோடு வந்தார். அதற்கு முந்தின நாள் இவர் இடது கையால் லேத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இண்டு இடுக்கெல்லாம் துடைத்தார். "விக்கப் போற மெஷினுக்கு எதுக்குங்க இத்தன சீராட்டு?" என்று கேட்டேன். "போற எடத்துல அழுக்கா இருக்குதுன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாதல்ல" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வந்தவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார், ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். நல்ல மனுசன்தான், குறை ஒன்றும் சொல்லவில்லை. நான் டீ போட உள்ளே வந்தேன். பால் பொங்குகிற நேரம் போன் அடித்தது. அந்த ஹெச்.ஆர். பெண்.

"மேடம், உங்களை செலக்ட் பண்ணியிருக்காங்க. குளோசிங்கை மட்டும் பழகிக்கணுமாம், கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க."

"சாவுக் கிளெய்ம் வந்தாலுமுங்களா?"

"அதை டிரெய்னிங்ல சார்கிட்டயே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் ஊரு பவானிப் பக்கந்தானுங்க்கா. எனக்கும் அது சொல்ல வராது."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கவும் தோன்றாமல், டீயும் இல்லாமல், வெறுங்கையோடு பட்டறைக்கு ஓடினேன். அங்கே இவர் லேத்தின் தலையை முடுக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணா, லேத்தக் குடுக்கறதில்லீங்க" என்றேன். "மாமா, எனக்கு வேல கெடச்சிருச்சு. அவ எங்கயும் போக வேண்டாம்."

இவர் என்னைப் பார்த்தார், லேத்தைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போத்தனூர்க்காரர் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவர்மேல் தப்பே இல்லை. அவ்வளவு தூரம் டெம்போ பிடித்துக்கொண்டு வந்த ஆளை இப்படிச் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

ரசத்துக்காகச் சத்தம் போட்டதைத் தவிர வாழ்க்கையில் குரலே உயர்த்தாத என் வீட்டுக்காரர், பட்டறைத் தகரம் அதிரக் கத்தினார்.

"ஏனுங்க! சொல்லிட்டுப் போங்க! இங்க ஆரும் சாகலீங்க!"

அவர் டெம்போவில் ஒரு கால் வைத்தபடி நின்றார். என்ன கோபம் இருந்தாலும் எங்கள் பக்கத்து ஆள்தானே. திரும்பிப் பார்த்து, "செரீங்க, வாரனுங்க" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றோம் நாங்கள் இரண்டு பேரும்.