சூசைநாதனின் பெல்ட்

மரக்காணம் உப்புக் கிடங்கில் இருபது வருடம் மூட்டைகளை எடை போட்டவர் சூசைநாதன். தராசைத் தவிர எதையும் நம்பமாட்டார். 2005இல் டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொன்னதும் கடைத்தெரு ஜிம்மில் சேர்ந்து வெயிட் தூக்கினார். தினமும் வியர்த்துக் கொட்டிவிட்டு வந்து மூட்டைத் தராசில் ஏறி நிற்பார். ஈர உப்பு காய்ந்தால் எடை குறைகிறதே, தானும் அப்படித்தான் என்று நினைத்தார்.

மூன்று மாதம் கழித்தும் அதே எண்பத்திரண்டு கிலோ.

ஜிம் மாஸ்டர் எடுத்துச் சொன்னார்: “புதுசா வெயிட் தூக்குறவங்களுக்கு அப்படித்தாங்க. கொழுப்பு கரையுது, சதை ஏறுது. எடை அப்படியே நிக்கும், இடுப்புதான் குறையும்.”

“தராசு பொய் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டு, ஜிம்முக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அவரோடு மூட்டை தைத்த எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் பேன்ட் நழுவுகிறதென்று, ஆணியைக் காய்ச்சி பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டதும் அவர்தான். “என்னாண்ணே இது?” என்றேன். “பெல்ட்டுத் தோலு நீண்டுபோச்சுப்பா” என்றார்.

அடுத்த வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பெட்டியில் வைப்பதற்காக உடுத்தியபோது, பெல்ட் பழைய கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. நுனியில் இன்னொன்று போட, நான்தான் ஆணியைக் காய்ச்சினேன்.