ரிவர்ஸ்டன் இறக்கத்துக்கு நாள் பார்த்தது

பேச்சு தொடங்கியது டிசம்பர் மாதப் பௌர்ணமியான போயாவுக்கு முந்திய புதன்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு, பல்லேபொலவில் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில். நாளும் நேரமும் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. முதலில் சொன்னது யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். என்னோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்தான் சொன்னார் என்று எனக்கு ஞாபகம். "நீங்கதான் சேர் கெளப்பி உட்டது" என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

அவர் மாத்தளை நகரத்தில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் வியாபாரி. வயதில் எனக்கு மூன்று ஆண்டு இளையவர். ஆனாலும் ஊரெல்லாம் அழைப்பதுபோல நானும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்லும் சொல்லால், நானா என்றே அழைக்கிறேன். நில அளவைக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்து ஓய்வு பெற்ற என்னை அவர் சேர் என்பார். மரியாதைக்கா கிண்டலுக்கா என்பது இத்தனை காலமாகியும் எனக்குத் தெளிவாகவில்லை. வாரத்தில் மூன்று நாள் உக்குவளையிலிருந்து நான் சைக்கிளில் புறப்படுவேன். மாத்தளையில் அவர் சேர்ந்துகொள்வார். பல்லேபொல வரை போய்த் திரும்புவோம்.

அன்று பேசியது ரிவர்ஸ்டன் பாதையைப் பற்றி. ரத்தோட்டையைத் தாண்டி ஏறி, தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் கணவாயைக் கடந்து, மலையின் மறுபக்கம் இறங்கி, பத்தனை என்று சொல்லும் அந்தப் புல்வெளியின் ஓரமாக இலுக்கும்புர வரை போகும் பாதை. மாவட்டத்தின் இந்த வடக்கு மலைகளில் அதற்கு அப்பால் காடும் யானையும்தான். அவர் இளமையில் அந்த வழியில் பல தடவை போயிருக்கிறாராம், லொறியின் பின்னால், தார்ப்பாய்ப் படங்குக்குள், ஏலக்காய் மூட்டைகளோடு.

"போயிக்கிறேன்தான். படங்கப் போத்திக்கிட்டு உள்ளுக்கு ஈந்தா என்னத்தக் காண்ற? ஒரு மலையும் காணல்ல. ஏலக்கா வாசம்தான் மிச்சம்."

பிறகு தேநீரை ஊதிக்கொண்டே மற்ற விஷயத்தையும் சொன்னார். கண்டியில் கண் வைத்தியரிடம் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தமாம். இடது பக்கத்து ஓரப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

"மூக்குக்கு நேரா எல்லாம் வடிவா தெரியுது சேர். ஓரத்துலதான் ஆள் இல்ல."

மோட்டார் சைக்கிளை விடச் சொன்னாராம் வைத்தியர். மிதிவண்டியைப் பகலில், பழகிய பாதையில், பார்த்து ஓட்டலாமாம். அடுத்த வருஷம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டதற்கு வைத்தியர் நேரான பதில் தரவில்லை. "அதனால போறன்டா இப்பவே போகணும். அந்த எறக்கத்துல ஒருக்கா என்ட கண்ணால பாத்துக்கிட்டு எறங்கணும்" என்றார் நானா. நாள் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் எழுதிவருகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் மழையா வெயிலா என்று ஒரு வரி இருக்கும். மார்கழிக் குளிரில் அந்தப் புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்பிவைத்து, ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள நாள்களை ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டி எழுதினேன். வெள்ளிக்கிழமை அவருக்கு ஜும்ஆ, எனக்கு விரதம். போயா நாளில் ரிவர்ஸ்டன் சந்தை போலாகிவிடும். பெப்ரவரி நடுவிலிருந்து நோன்பு. சித்திரையில் விடுமுறைக் கூட்டம். மே மாதத்துக்குப் பிறகு கணவாயில் வீசும் காற்று ஆளையே தள்ளும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தபோது, அடிபடாமல் நின்றவற்றில் நல்லதாகத் தெரிந்தது ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை. என் புத்தகங்களில் அந்த நாளுக்கு எதிரே ஒன்றிரண்டு ஆண்டுகள் தவிர வெயில்தான். எனக்கு ஒரே பெருமை. தாளைச் சுருட்டிக்கொண்டு, ஜனவரி முதல் ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

அங்கேதான் அவருடைய மனைவி என்னை மடக்கினார். அவர்கள் வழக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நானும் அப்படியே அழைப்பேன். வட்டிலப்பத்தை என் கையில் தந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நானா கடையில் இருந்தார்.

"சேர், ஒரு விஷயம் கேக்கணும். இவர் செல்றத நான் நம்பமாட்டேன். எதக் கேட்டாலும் ஏலும்டுதான் செல்வார். ரோட்டுல இவரோட ஓடுற ஆள் நீங்க. அந்த எறக்கத்துல இவருக்கு ஓட ஏலுமா, ஏலாதா? ஏலும்டு நீங்க ஒங்கட வாயால சென்னா, நான் ஒரு பேச்சும் பேசமாட்டேன். ஏலாதுன்டு சென்னா, சைக்கிள நான் பூட்டிப்போடுவேன்."

"முதலில் நாள் சரியாகட்டும் தாத்தா" என்றேன்.

"நாள நான் கேக்கல்லியே."

வட்டிலப்பம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். அவரோடு பல ஆண்டுகள் ஓடியிருக்கிறேன். ஆனால் எப்போதும் அவர் எனக்குப் பின்னால்தான் வருவார். அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதை நான் பார்த்ததே இல்லை.

பாதையை ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டால் தெளிவு வரும் என்று தோன்றியது. தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை இருவரும் மாத்தளையில் பஸ் ஏறினோம். உக்குவளையில் காலையிலேயே நல்ல வெயில். புத்தகத்தில் அப்படித்தான் எழுதிவிட்டுப் புறப்பட்டேன். இடப்பக்க ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான், என் மடியில் குறிப்புப் புத்தகம். ரத்தோட்டையிலிருந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு மதகுக்கும் ஒரு கோடு போட்டேன். தூரத்தை மைலிலா கிலோமீற்றரிலா எழுதுவது என்பதில் ஒரு குழப்பம். என் பழைய கந்தோர்க் குறிப்புகள் மைலில் இருந்தன, பாதையோரக் கற்கள் கிலோமீற்றரில் நின்றன. இரண்டையும் எழுதினேன். கோபுரம் வரும்போது எந்த எண் எதற்குரியது என்று எனக்கே தெரியவில்லை.

கணவாய் வரை வெயில். அதைக் கடந்து முதல் வளைவு திரும்பியதும் யாரோ திரை இழுத்ததுபோல மழை. சாரல் அல்ல, கொட்டும் மழை. பஸ் ஊர்ந்தது. மேட்டுப் பக்கத்திலிருந்து செம்மண் பாதைக்கு வழிந்துகொண்டிருந்தது. கல் ஒன்று உருண்டு பாதையில் கிடக்க, சாரதி அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

கொண்டக்டர் ரத்தோட்டைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர், நடுத்தர வயது. நான் கட்டம் போட்ட தாளை விரித்துக் குழம்புவதைப் பார்த்து, "என்னாங்க சேர் அது, லொத்தர் நம்பரா?" என்றார்.

"மழை இல்லாத நாள் பார்த்தோம். இருபது நாளாக உக்குவளையில் ஒரு துளி இல்லை" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒங்க வீட்டு வாசல்ல அடிக்கிற வெயிலு இந்த மலைக்குத் தெரியுமாங்க? அந்தப் பக்கம் ஒரு மழ, இந்தப் பக்கம் ஒரு மழ. இந்தப் பக்கத்துக்கு இப்பதான் மழக்காலமே. மாசி பாதிக்குப் பொறகு வாங்க, ரோடு காஞ்சி கெடக்கும்."

வடகீழ்ப் பருவக்காற்று எந்த மலைச் சரிவை நனைக்கும் என்று பாடசாலையில் படித்தவன் நான். இமயத்தையும் அந்தீசையும் பற்றிய பயண நூல்களை அட்டை கிழியுமளவு வாசித்தவன். நாற்பது வருஷம் இந்த மாவட்டத்தின் மேடு பள்ளங்களை வரைந்தவன். ஆனாலும் பத்தொன்பது ஆண்டு என் வீட்டு முன் பெய்த மழையை வைத்து, மலைக்கு மறுபுறம் நாள் பார்த்திருக்கிறேன்.

"சேர்" என்று நானா என் முழங்கையைத் தட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் முழுவதுமாகத் திருப்பியிருந்தார். "பெரிய பள்ளம் ஒன்டு போச்சா இப்ப? நான் தலையத் திருப்பக்குள்ள பஸ் தாண்டிட்டு. என்ன ஈந்திச்சி அங்க?"

எனக்குத் தெரியவில்லை. மதகுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"எழுதுங்க, எழுதுங்க. வீட்ட போய் நான் அதப் படிச்சுப் பாக்குறேன்."

திரும்பி வரும்போது வளைவுகளை மறுபடி எண்ணினேன். போகும்போது எண்ணியதைவிட ஐந்து கூடியிருந்தது. அது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த திங்களும் புதனும் பல்லேபொலப் பாதையில் அவரை முன்னே விட்டேன். "என்ன சேர், டயர்ல காத்து இல்லியா?" என்றார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நாலைந்து மிதிக்கு ஒரு தடவை தலையை இடப்பக்கம் சட்டென்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவரே பழகிக்கொண்ட ஒரு முறை. குழிகளை எல்லாம் அழகாக விலக்கினார். புதனன்று மட்டும், இடது பக்க ஒழுங்கையிலிருந்து ஒரு முச்சக்கரவண்டி மூக்கை நீட்டியது. தலையைத் திருப்பாத இடைவெளியில் அது வந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டார். சரியாக நின்றார். ஆனால் தாமதமாக நின்றார். இதைக் கண் தெரிகிறது என்பதில் சேர்ப்பதா, தெரியவில்லை என்பதில் சேர்ப்பதா? மெதுவாக ஏறும்போது தலையைத் திருப்ப நேரம் கிடைக்கும். இறக்கத்தின் வேகத்தில் கிடைக்குமா? யாரிடம் கேட்பது?

அன்று பின்னேரமே தாத்தாவிடம் போனேன். நானாவும் வீட்டில் இருந்தார். அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஏறலாம். இறங்க ஏலாது. கணவாய்க்கு ஒரு சின்ன லொறியை வரச் சொல்லி, சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு இறங்குவோம்."

தாத்தா தலையாட்டினார். நானா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், மூக்குக்கு நேரே. "வாலிபத்துலயும் லொறி, இப்பவும் லொறி. அப்ப படங்கையும் கொண்டுவரச் செல்லுங்க சேர்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளி, திங்கள், புதன் மூன்று நாளும் அவர் ஓட வரவில்லை. தனியாகப் பல்லேபொல போய்வந்தேன். கடைக்காரர் இரண்டு கோப்பை ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்துப்போனார். நான் சொன்னது உண்மையா, அல்லது ஏதாவது நடந்தால் பழி என்மேல் வந்துவிடும் என்ற பயமா? எவ்வளவு யோசித்தும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. இத்தனை வாரம் நாள் தேடியதுகூட அந்தப் பதிலைத் தள்ளிப்போடத்தானோ என்னவோ. அதையும் உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது.

அதற்கடுத்த வெள்ளி அவர் மாத்தளைச் சந்தியில் நின்றார். சலாமுமில்லை, சுகவிசாரிப்புமில்லை. மிளகுக்கு விலை பேசுபவர் போலத் தொடங்கினார்.

"கணவாயில ஈந்து பத்தனை வரைக்கும் எனக்கு. மிச்சம் லொறிக்கு."

"பத்தனைக்கு மேலேதான் மோசமான வளைவுகள். அது லொறிக்கு. பத்தனை ஓரமாகப் போகும் நேர்ப் பாதை உங்களுக்கு."

"நேர்ப் பாதைக்கு ரிவர்ஸ்டன் என்னத்துக்கு? பல்லேபொல போதுமே. சரி, மொத வளைவும் பத்தனையும்."

"முதல் வளைவு எனக்குப் பயம், நானா."

"எனக்கும்தான். எனக்குப் பயமில்லன்டு யாரு சென்ன?"

இதை எதிர்பார்க்கவில்லை. அவர் பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருவரும் சைக்கிளில் ஏறிப் பல்லேபொலப் பக்கம் புறப்பட்டோம். பிறகு நான் சொன்னேன்: முதல் வளைவில் நான் முன்னால் போவேன், நடக்கிற வேகத்தில். இடப்பக்கம் என்னென்ன வருகிறதோ அதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டு போவேன். லொறி பின்னாலேயே வரும், எங்களைக் கடந்து வேறு வாகனம் வராமல். வளைவு முடிந்ததும் சைக்கிள்கள் லொறியில். பத்தனையில் மறுபடி இறக்கி அவர் ஓட்டட்டும். மழை என்றால் எதுவுமில்லை, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவது.

"சத்தமா செல்லணும். சும்மா முணுமுணுக்க ஏலா."

"சரி."

"பள்ளம்டு மட்டும் செல்லாதீங்க. அங்க என்ன தெரியுதுன்டும் செல்லணும்."

"சரி."

தேநீருக்குக்கூட நிற்காமல் நேரே அவர் வீட்டுக்குத் திரும்பினோம். தாத்தா முற்றத்தில் கராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் திட்டத்தை முழுதும் சொன்னேன். குனிந்தபடியே கேட்டார். பிறகு நிமிர்ந்து, "இது நீங்க செல்றதா, இவர் ஒங்களச் செல்ல வெச்சதா?" என்றார்.

"பாதி பாதி" என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

தாத்தா கைகளை உதறிக்கொண்டார். "பெருநாளுக்குப் பொறகு ஆறு நோன்பும் புடிச்சி முடியட்டும். அதுக்கடுத்த சனிக்கெழம போங்க. சித்திரைக் கூட்டம் வர முந்தி வந்துடலாம். லொறியில முன்சீட்ல நானும் வாறேன்."

"நீயுமா?" என்றார் நானா.

"ஏன், மலை ஒங்களுக்கு மட்டுமா?"

நானா கைபேசியை எடுத்து லொறிக்காரருக்கு எண் போட்டார். மறுமுனை எடுக்கும்வரை, முகத்தைத் திருப்பித் திருப்பி, முற்றத்தின் இடது மூலையில் விரித்திருந்த கராம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.