கருத்தையாவின் கிழமைகள்

“ஏலே, புதன்ல என்னலே வேல உனக்கு? செவ்வாயிலயே இன்னும் ரெண்டு நாள் கெடக்கு!” என்று கிடாவின் காதைப் பிடித்து இழுக்கிறார் கருத்தையா. பக்கத்து நிலத்துண்டின் முள்வேலியில் அது தலையை நுழைத்ததுதான் குற்றம். இழுத்த கையோடு புல்லுக்குள் காலை ஊன்றிப் பார்க்கிறார். கரண்டைக்காலுக்குக் கீழே புல் இறங்கிவிட்டால் ஆடுகள் அந்தத் துண்டிலிருந்து வெளியேற வேண்டும். பசி அடங்கியதா என்று எந்த ஆட்டையும் அவர் கேட்பதில்லை.

சேத்தூருக்கு மேற்கே அவருக்கு எட்டு ஏக்கர் மானாவாரி. நிலத்தைத் துண்டுதுண்டாக அடைத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை ஆறப்போட்டால் வறண்ட காட்டிலும் புல் திரும்பும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மனுஷன் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ்ஸேறி வந்து ஏழாக அடைத்தார். ஏழுக்கும் பெயர் வேண்டுமே? ஞாயிறு முதல் சனி வரை தகரப் பலகையில் எழுதி நட்டார். ஆனால் ஒரு துண்டு ஐந்து நாளில் தீர்ந்தது. இன்னொன்று பன்னிரண்டு நாள் தாங்கியது. கருத்தையா பலகையை நம்பினார், காலண்டரை விட்டுவிட்டார். “எங்க வீட்ல என்ன கெழமன்னு ஆட்டத்தான் கேக்கணும். போன மாசம் பன்னெண்டு நாளும் வியாழக்கெழம” என்பார் அவர் மனைவி பெத்தம்மாள்.

சனி மட்டும் தனி. பதினாலு மாதமாக அதில் ஓர் ஆடும் கால் வைத்ததில்லை. கொழுக்கட்டைப் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து கதிர் விட்டிருந்தது. விதை முற்றி உதிர்ந்தால் மற்ற ஆறு துண்டுக்கும் அதுதான் தாய். அதைப் பற்றிப் பேசும்போது, தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் இருப்பவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

சித்திரையில் வ. புதுப்பட்டியிலிருந்து பெத்தம்மாளின் தம்பி சின்னக்கருப்பன் போனில் கூப்பிட்டான். அங்கே காடு கருகி, நாற்பது ஆடும் எலும்பாகிவிட்டன. “அத்தான், சனிக்கெழம ஆட்டக் கொண்டாரட்டா?”

கருத்தையாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. “சனி மட்டும் வேண்டாம் மாப்ள! வெள்ளியில கொண்டாந்து விடு.” வெள்ளி என்ற துண்டில் புல் இல்லை, வேப்பமரங்கள் இருந்தன. தழை ஒடித்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்பது அவர் நினைப்பு.

வெள்ளிக்கிழமை விடியும்போதே லாரி வந்து நின்றது. இறங்கிய நாற்பதும் வேப்பமரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சனியின் படலை முட்டிக்கொண்டு நின்றன.

“ஏலே, வெள்ளியிலதான விடச் சொன்னேன்!”

“இன்னைக்கு வெள்ளிதான அத்தான்?”

“இன்னைக்கு செவ்வா!”

சின்னக்கருப்பன் செல்போனை எடுத்து நீட்டினான். “அது தப்பாக் காட்டுது” என்றார் கருத்தையா.

பெத்தம்மாள் குறுக்கே வந்தார். “கெழமையப் பொறவு பாப்போம். அந்தச் சினையாட்டுக்கு நிக்க ஏலல, பாருங்க.”

உண்மைதான். முன்கால் மடிந்து உட்கார்ந்துவிட்ட அந்த ஆடு, எட்டிய இடத்தில் இருந்த தகரப் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. கருத்தையா சனியின் கதிர்களை எட்டிப் பார்த்தார். இன்னும் பத்து நாள் கிடைத்தால் விதை உதிர்ந்துவிடும். அந்தப் பத்து நாளை அந்த ஆட்டிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

“செத்த நேரம் பொறு மாப்ள” என்று வீட்டுப் பக்கம் ஓடினார். கோழி அடைத்திருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கோழிகள் கொக்கரித்துக்கொண்டு திசைக்கொன்றாய்ப் பறந்தன. சனிக்குள் போய், கதிர் அதிகம் நின்ற புல்தூர் ஒன்றின் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன் தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். பிறகுதான் படலைத் திறந்தார்.