கல்மேட்டில் எழுந்த வீடுகள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்துகொண்டிருந்த எழுபதுகளில், எங்கள் இருளர் குடியிருப்புக்கு அரசு வீடு கட்டித்தரப் போவதாகச் செய்தி வந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. ஏரியை ஒட்டிய புதர்க்காட்டை அழித்து, அங்கேதான் கட்டப் போகிறார்களாம். கிழங்கு, தேன், காடை, ஈச்சம்பழம் எல்லாம் எங்களுக்குத் தருவது அந்தக் காடு. பக்கத்திலேயே ஒரு கல்மேடு சும்மா கிடந்தது. அங்கே கட்டச் சொல்லி அதிகாரியிடம் பேச ஆள் வேண்டும். ஐந்தாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைத் தலைவராக்கினார்கள். நானும் அதற்கு ஏற்ற ஆள்தான் என்று நம்பினேன்.

தேர்தல் கூட்டங்களில் கேட்டதையெல்லாம் வைத்து ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். புதருக்குள் நின்று, கையை வீசி, உரக்கப் பேசிப் பழகினேன். என் சத்தத்தில் காடைகள் பறந்துவிட, கண்ணி வைத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். காட்டைக் காப்பாற்றும் வேலையை நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஜீப் வந்தது. இரவல் சட்டையில் முன்னால் போய் நின்று, "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட..." என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. முதலிலிருந்து தொடங்கியும் பேச்சு அதே இடத்தில் நின்றது. அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்பில் பிள்ளையோடு என் மனைவி முன்னால் வந்தாள்.

"சார், ஊட்ட மேட்டுல கட்டிக் குடுங்க. இந்தக் காட்டுலதான் எங்க சோறு கீது."

மேட்டுக்கு லாரி ஏறாது என்றார் அவர்.

"ரோட்டாண்ட செங்கல்லக் கொட்டிட்டுப் போவட்டும். நாங்க தூக்கிக்கினு போறோம்."

அவர் யோசித்து ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது என்னைக் காட்டி, இவர் யார் என்று விசாரித்தார்.

"எங்க ஊட்டுக்காரரு. நல்லாப் பேசுவாரு" என்றாள், சிரிக்காமல்.

சொன்னபடி எல்லோரும் செங்கல் சுமந்தோம். தலைவன் என்ற முறையில் மேற்பார்வை பார்க்கலாம் என்றிருந்தேன். மனைவி சும்மாட்டை நீட்டினாள். வீடுகள் எழுந்த பிறகு வந்த மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் காட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. மேட்டில் எங்கள் வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில வருடம் கழித்து, ஓர் ஆலையின் சாம்பலைக் காட்டுக்குள் கொட்ட வந்தார்கள். தாலுகா ஆபீசில் போய்ப் பேச யாரை அனுப்புவது என்று எல்லோரும் கூடிப் பேசினோம். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மனைவி சில பெண்களோடு பஸ் ஏறினாள். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சோறு பொங்கினேன்; அடிபிடித்துவிட்டது. மாலையில் வந்தவள், சாம்பல் லாரி இனி வராது என்று சொல்லிவிட்டு, தீய்ந்த சோற்றை மட்டும் சுரண்டி என் தட்டில் போட்டாள்.