எறாவும் நத்தையும் அப்பாவும்

எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "மீன் எங்கே?" என்றுதான். விரல்நகம் அளவுள்ள சிவப்பு எறாக்களையும், செடியோடு ஒட்டிக்கொண்டு வந்து தாமாகவே குடித்தனம் போட்டுவிட்ட நத்தைகளையும் காட்டினால், இதற்குப் போய்க் கண்ணாடித் தொட்டியா என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வை பழகிவிட்டது. மீன் விட்டால் எறாக்குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அதுவுமில்லாமல், ஆளைக் கண்டாலே மீன் சாப்பாட்டுக்கு ஓடி வரும். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டிலாவது என்னைச் சட்டை செய்யாத ஜீவன்கள் இருக்கட்டுமே.

வெள்ளிமலையில் எனக்கு ஆசிரியை வேலை. கள்ளக்குறிச்சியில் காலை பஸ் பிடித்து மலையேறி, மாலையில் அதே வளைவுகளில் குடல் புரள இறங்கி வருவேன். வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எறாக்கள் பாசியைக் கொறித்துக்கொண்டே இருக்கும். நத்தை கண்ணாடியில் ஏறும்போது அதன் வாய் திறந்து மூடுவது தெரியும். எங்கள் தெருவின் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் அதே தண்ணீரில்தான் நத்தைக்கு ஓடு கெட்டியாக வளர்கிறது. ஊரே திட்டும் தண்ணீருக்கு என் வீட்டில் இரண்டு வகை ரசிகர்கள்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் இருந்த கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்தார். நான் ஒரே பெண். மகன் வீடாக இருந்தால் கூடத்தில் அதிகாரமாக உட்கார்ந்திருப்பார். மகள் வீடு என்பது அவர் கணக்கில் மாப்பிள்ளை வீடு. என் கணவர் உள்ளே நுழைந்தால், வலிக்கிற காலோடு எழுந்து நிற்பார். காபி வேண்டுமா என்று கேட்டால் "இருந்தா குடும்மா" என்பார். இருக்காமல் என்ன, எங்கள் வீட்டில் காபித்தூளுக்குப் பஞ்சமா? எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். துணிப்பையை அவர் அவிழ்க்கவே இல்லை. "இந்த வாரம் வூட்டப் போய்ப் பாத்துட்டு அங்கியே இருந்துக்கறேன்" என்று நாலு நாளைக்கு ஒரு தரம் ஆரம்பிப்பார். ஆளில்லாத வீட்டில், அந்தக் காலோடு வழுக்கி விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? அவர் போய்விடக் கூடாது. அந்த நாட்களில் எனக்கு இருந்த பெரிய கவலை அது ஒன்றுதான்.

தொட்டியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் சிரிப்பு வரவழைக்கும்.

"நாத்தங்கால்ல நாங்க பொறுக்கி எறிஞ்சத, நீ வூட்டுக்குள்ள வெச்சி சோறு போட்டுக்கினு இருக்கியா?"

நாற்றைத் தின்னும் நத்தை அவருக்கு ஆயுசு முழுக்க எதிரி. எறா அவருக்குக் குழம்பு. இரண்டையும் வேடிக்கை பார்ப்பதற்காக ஒருத்தி வளர்ப்பாள் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

ஒரு நாள் நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். முகம் செத்திருந்தது. "ஒன்னு பூடுச்சிம்மா" என்று உள்ளங்கையை நீட்டினார். கண்ணாடிபோல ஒரு எறா, மீசை முதல் வால் வரை அப்படியே. அது தோலை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, ஆள் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது என்று செடிமறைவில் காட்டினேன். அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "சட்டைய கழட்டி வெச்சிட்டு போய்க்கினே இருக்குது பாரு" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு தொட்டி அவருடையதாகிவிட்டது. தெருவில் உதிர்ந்த நாட்டுவாதாம் இலையைப் பொறுக்கி, காயவைத்து எறாக்களுக்குப் போடுவார். கீரையை நான் பொரியல் செய்வதற்கு முன்பே ஒரு கைப்பிடி வெந்நீரில் வாட்டி எடுத்துக்கொள்வார். நத்தையின் முதுகில் ஏறி ஒரு எறா பாசி தின்றுகொண்டே போனால், "மாப்ள, இங்க வந்து பாருங்க, ஓசியில சவாரி" என்று என் கணவரையே கூப்பிடுவார். ஊருக்குப் போகும் பேச்சு கம்மியாகி, பிறகு நின்றே போனது. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கோடையில் தொட்டித் தண்ணீர் வற்றியது. நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அப்பாவே ஊற்றி நிரப்பத் தொடங்கியிருந்தார். என்ன தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. ஒரு மாலை வந்து பார்த்தபோது எறாக்கள் வேகவைத்தது போல வெளிறித் தொட்டியின் அடியில் கிடந்தன. நத்தைகள் தண்ணீருக்கு மேலே, கண்ணாடியின் விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் செப்புக் குடம் இருந்தது. மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நான்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். புளி போட்டுத் துலக்கி, ராத்திரி தண்ணீர் பிடித்து வைத்து, காலையில் அவர் மட்டும் குடிப்பார். வீட்டிலேயே நல்ல தண்ணீர் அதுதான் என்று நம்பியவர், தன் பங்கில் பாதியை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறார். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அந்தத் துளிச் செம்பு, எறாவுக்கும் நத்தைக்கும் விஷம்.

"இன்னாம்மா ஆச்சி?" என்று அப்பா கேட்டார்.

"வெயில்ப்பா. தண்ணி சூடாயிடுச்சி. பரவால்ல, வுடு."

உயிரோடு இருந்தவற்றை வேறு தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மாற்றினேன். நத்தைகள் ஏறி ஒட்டியிருந்த விளிம்பை அப்பா குனிந்து பார்த்தார். மறுநாள் காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தால், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நிற்கிறார்.

"எங்கப்பா கிளம்பிட்ட? நான்தான் வெயில்னு சொன்னேனே."

"மயில்துத்தம் கலந்து வுட்டா நத்தை இப்பிடித்தான் வரப்புல ஏறும். செம்புதான அது. கயினியில எத்தினி தரம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? எங்குடத்து தண்ணின்னு உனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சு ஊத்தினியா? இல்லையே. அதனாலதான் பரவால்லன்னேன்."

அப்பா பையை இறக்கவில்லை. "கயினியில ஒருத்தன் தப்பு பண்ணா அங்கியே நிக்கவெச்சித் திட்டுவேன். திட்டிட்டு, நாளைக்கு வெள்ளனா வந்துடுன்னு சொல்லுவேன். எவன ஒன்னும் சொல்லாம, பரவால்ல போப்பான்னு அனுப்பறனோ, அவனுக்கே தெரியும், இனிமே கூப்பிட மாட்டாருன்னு" என்றார். "நீ என்னயும் பரவால்லன்னுட்ட."

அவர் போய்விடுவாரே என்று பயந்து பயந்து, அவரை விருந்தாளியாகவே வைத்திருந்தவள் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தையே பிடித்துக்கொண்டேன்.

"ஏம்பா, ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? குஞ்சும் முட்டையுமா இருந்ததெல்லாம் போச்சே. போன் எதுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன், பூஜை பண்றதுக்கா?" தெருவுக்கே கேட்டிருக்கும். என் குரலில் அப்படி ஒரு சத்தம் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

என் கணவர் பதறிப்போய்க் கையில் இட்லித் தட்டோடு ஓடிவந்தார். அப்பா அவரைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை. எப்போது பையை இறக்கினார், எப்போது நாற்காலியில் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவே இல்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க போய் சாப்பிடுங்க மாப்ள. எம்பொண்ணு என்னத் திட்டிக்கினு இருக்குது."